பேரனின் கணினியும் எனது நிலையான வைப்பும்

உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் என் பேரன், கடந்த மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். புதிய செயலி, தாய்ப்பலகை, டீடீஆர்5 நினைவகம், வரைகலை அட்டை, மின்வழங்கி. அடியிலே கூட்டுத்தொகை மூன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது.

"அம்மப்பா, இந்தக் கொம்பியூட்டரோட இனி மாரடிக்கேலாது. எல்லாம் மாத்தவேணும்."

எனது நிலையான வைப்பு முதிர்வடையும் திகதி வீட்டில் அனைவருக்கும் தெரியும் என்பதை அப்போதுதான் அறிந்துகொண்டேன். அது என் இடது கண்ணின் சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கிய பணம்.

விளையாட்டுக்கு இவ்வளவு செலவா என்று ஏசவே வாயெடுத்தேன். ஆனால் அவன் யாருடன் விளையாடுகிறான் என்பதை நான் அறிவேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவனது வகுப்புத் தோழர் நால்வர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டனர். மூவர் ரொறன்ரோவில், ஒருவன் இலண்டனில். சனிக்கிழமை இரவுகளில் அந்த ஐவரும் 'கவுண்டர்-ஸ்ட்ரைக் 2' விளையாட்டிலே ஒன்றுகூடுகிறார்கள். சுடுவதைவிடக் கதைப்பதே அதிகம். ஒழுங்கை முகப்பு மதகில் குந்தியிருந்து நாங்கள் கதைத்ததற்கு இது ஈடாகுமோ தெரியாது. அவர்களுக்கு வேறு மதகு இல்லை. அண்மைக்காலமாகத் திரை திடீரெனச் சில விநாடிகள் உறைந்துவிடுகிறது. அதற்குள் இவன் செத்துப்போகிறான். "நீ புதுசு வாங்கு, இல்லாட்டி வராதை" என்று ஒருவன் சொன்னது என் காதிலும் விழுந்தது.

செய்தி எழுதுமுன் சம்பவ இடத்தைப் பார்ப்பது பழைய நிருபரின் பழக்கம். குறிப்புப் புத்தகத்தோடு இரண்டு இரவுகள் அவனருகில் அமர்ந்தேன்.

இயந்திரம் 2021இல் வாங்கியது. 2020இல் வெளிவந்த இன்டெல் ஐ5-10400 செயலி, 4 ஜிகாபைட் ஜீடீஎக்ஸ் 1650 வரைகலை அட்டை, 8 ஜிகாபைட் நினைவகம். அந்த விளையாட்டு தன் குறைந்தபட்சத் தேவையாகக் கேட்பதே 8 ஜிகாபைட். இவனோ அதனுடன் நண்பர்களோடு பேசும் செயலியையும், முப்பது பக்கங்கள் திறந்த உலாவியையும் வைத்திருக்கிறான். விண்டோஸ் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடும். திரை உறைந்தபோதெல்லாம் நினைவகம் தொண்ணூறு வீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தது; வட்டின் விளக்கு அணையாமல் எரிந்தது. இடம் போதாதபோது கணினி தன் சுமையில் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றுகிறது. திரும்ப எடுக்கும் நேரமே அந்த உறைவு.

வரைகலை அட்டை களைத்திருந்தால் படம் முழு நேரமும் மந்தமாக ஓடியிருக்கும். காட்சியின் தரத்தைக் குறைத்தால் தேறியிருக்கும். குறைத்துப் பார்த்தோம். உறைவு அப்படியே இருந்தது. இரண்டாம் இரவு உலாவியை மூடச் சொன்னேன். முக்கால்வாசி உறைவு போய்விட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் ஆசிரிய பீடத்தின் பக்க வடிவமைப்புக் கணினியிலும் இதே நோய்தான். படத்தோடு ஒரு பக்கத்தைத் திறக்கக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்து வரலாம். புதிய இயந்திரம் கேட்டு மனு எழுதினோம். நிருவாகம் 8 மெகாபைட் நினைவகத்தை வாங்கிப் பொருத்தியது. கஞ்சத்தனம் என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். அடுத்த வாரமே எங்கள் தேநீர் இடைவேளை பறிபோயிற்று.

பெட்டியைத் திறந்து மின்சூள் அடித்துப் பார்த்தோம். நினைவகத்துக்கு இரண்டு துளைகள். ஒன்று வெறுமையாக இருந்தது. பம்பலப்பிட்டிக் கடையொன்றில் விசாரித்தபோது, 3200 வேகமுள்ள தண்டையே வாங்குமாறு வற்புறுத்தினார்கள். இந்தச் செயலியில் அது 2666இல்தான் ஓடும். அதே வேகத்தில் டீடீஆர்4 வகை 8 ஜிகாபைட் தண்டு ஒன்றே போதும் என்றேன். டீடீஆர்5 இந்தத் துளையில் பொருந்தாது; வெட்டு வேறிடத்தில் இருக்கும். இரண்டு தண்டுகள் சேர்ந்தால் செயலிக்கு இரு வழிகளில் தரவு வரும் என்பது மேலதிக இலாபம்.

விலைதான் திடுக்கிட வைத்தது. 2025இன் பிற்பகுதியிலிருந்து உற்பத்தியாளர்கள் தங்கள் நினைவகத்தைச் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் பக்கம் திருப்பிவிட்டார்கள். நுகர்வோர் சந்தையில் தனது 'குரூசியல்' வியாபாரத்தைக் கைவிடுவதாக மைக்ரோன் அந்த ஆண்டு டிசெம்பரில் அறிவித்தது. முன்னர் வாங்கிய அதே அளவுத் தண்டுக்கு இப்போது இரு மடங்குக்கு மேல் கொடுத்தேன். ஆயினும் அந்தத் தாளிலிருந்த கூட்டுத்தொகையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பொருத்தினான். அந்தச் சனிக்கிழமை பத்தரைக்குத் தொடங்கிய சிரிப்பு ஒரு மணிவரை ஓயவில்லை. எனக்குத்தான் நித்திரை இல்லை.

புகைக்குண்டு வெடிக்கும்போது மட்டும் படம் இன்னும் சற்று மந்தமாகிறதாம். அது வரைகலை அட்டையின் குற்றம் என்று அவன் எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறான். விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. கண் சத்திரசிகிச்சை முடிந்ததும் வாசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.