ஆடு மேய்த்த கால்கள்

வில்லியம் புகுரோ 1889இல் தீட்டிய ‘இடைச் சிறுமி’ ஓவியத்தின் அச்சுப்படியை, மாரிகுப்பத்து லைன் வீட்டில் பாட்டியிடம் காட்டினேன். தோளின் குறுக்கே கோல், வெறுங்கால், பின்னால் மேய்ச்சல் வெளி. பாட்டி வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் ஆடு மேய்த்தவர். தந்தைக்குச் சுரங்க வேலை கிடைத்தபின் கோலார் தங்கவயலுக்கு வந்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஆடு மேய்ச்ச காலா இது? வெடிப்பையே காணோமே, கண்ணு.”

என் ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. பாரிஸ் சலோன் கண்காட்சிகளில் செல்வாக்குப் பெற்றிருந்த அகாதமி மரபு, உழைப்பின் தழும்புகளைக் கழுவிவிட்டுக் குழந்தையின் அழகை மட்டும் நிறுத்திக்கொண்டது. பிரான்சின் 1841ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் ஆலைகளோடு நின்றுகொண்டது. வயலும் மேய்ச்சலும் அதன் கண்ணில் படவில்லை. நகரத்துச் செல்வர் வாங்கி மாட்டிய படங்களில் அவ்வேலை வேலையாகவே தெரியவில்லை என்பது என் வாதம்.

பாட்டி படத்தை மீண்டும் கையில் வாங்கினார். “இருந்தாலும் அந்தப் பொண்ண நிக்க வெச்சு, ஒருத்தன் இவ்வளவு பொறுமையாப் பாத்திருக்கான்.”

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்வைத்த இச்சுரங்கத்தின் எந்திரங்களுக்கும் சாஃப்ட் கோபுரங்களுக்கும் பழைய ஒளிப்படங்கள் உண்டு. பாட்டியின் சிறுவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

புகுரோவைப் ‘பொய்’ என்று தீர்த்திருந்த பத்தியை அன்றிரவு அடித்துவிட்டேன். அவ்விடத்தில் எதை எழுதுவதென்று இன்னும் பிடிபடவில்லை.