பீட்சா மேல் ஒரு கடலை மாவு அடை

பியூனஸ் அயர்ஸ் நகரின் கொரியென்டெஸ் சாலையில் பீட்சாவை நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். நம்மூர் டீக்கடையில் வடை தின்பதுபோலத்தான். கல்லாவில் காசு கொடுத்து ஒரு துண்டு வாங்கி, உயரமான பலகையில் வைத்துத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1932-ல் தொடங்கிய குவெர்ரின் என்ற கடை இந்தச் சாலையில் இன்றும் கூட்டமாக இருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர், நாடகம் பார்த்துவிட்டு வருகிறவர் என எல்லோருக்கும் இதுதான் பசிக்குச் சாப்பாடு.

அர்ஜென்டினா தலைநகரின் இந்தப் பீட்சா, நம் நகரங்களில் அட்டைப்பெட்டியில் வரும் பீட்சா மாதிரி இல்லை. அடியில் மெத்தென்று தடிமனான கோதுமை ரொட்டி. மேலே விளிம்பு தாண்டி வழியும் சீஸ். தக்காளிச் சாறு கொஞ்சம்தான். ஓரிகானோ இலைத்தூளும் ஒன்றிரண்டு ஆலிவ் காயும் உண்டு. ‘ஃபுகசேட்டா’ என்ற வகையில் தக்காளியே கிடையாது. சீஸோடு மெலிதாக அரிந்த வெங்காயத்தைக் குவித்துச் சுடுகிறார்கள்.

நமக்கு ஆச்சரியம் அடுத்ததுதான். பீட்சாத் துண்டின் மேல், அதே அளவில் வெட்டிய மஞ்சள் அடை ஒன்றை வைத்துத் தின்கிறார்கள். பெயர் ‘ஃபாயினா’. முழுக்கக் கொண்டைக்கடலை மாவு! பீட்சா மேல் ஃபாயினா ஏறி உட்கார்ந்தால் அதற்குக் ‘குதிரை மேல்’ என்று பெயர்.

ஏழை ரொட்டி தடித்த கதை

இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமானோர் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். ஆற்று முகத்துவாரத்தில் உள்ள லா போகா பகுதியில் குடியேறினார்கள். கடலை மாவு அடையும், வெங்காயம் தூவிய ரொட்டியும் அவர்கள் ஊரில் எளியவர்களின் உணவு. வந்து சேர்ந்த இடமோ பாம்பாஸ் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, மேய்ச்சல் நிலம், மாடுகள். கோதுமைக்கும் பாலுக்கும் பஞ்சமில்லாத நாட்டில் ரொட்டி தடித்தது, அதன் மேல் சீஸும் ஏறியது. வெங்காய ரொட்டியில் சீஸ் சேர்த்த பெருமையை லா போகாவில் கடை வைத்த பாஞ்சேரோ குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள்.

விளைவித்தவர் கையில் நிலம் இல்லை

ஆனால், அந்தக் கோதுமையை விளைவித்தவர்கள் செழித்தார்களா? அங்கே கோதுமை அறுவடை டிசம்பரை ஒட்டி வரும்; இத்தாலியில் ஜூன், ஜூலை. ஆகவே ஒரே ஆண்டில் இரண்டு நாட்டிலும் கதிர் அறுக்கக் கப்பலேறிய கூலியாட்கள் இருந்தார்கள். வலசை போகும் தகைவிலான் குருவியின் பெயரையே அவர்களுக்கு வைத்தார்கள்.

தங்கி உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். நிலம் பெரும் பண்ணையார்களிடம் இருந்தது. குத்தகை அதிகம், காலம் குறைவு. சாக்கு வாங்குவதும், கதிரடிக்கும் இயந்திரம் பிடிப்பதும்கூட நிலத்துக்காரர் காட்டும் இடத்தில்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். 1911-ல் விளைச்சல் பொய்த்தது. 1912-ல் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது, விலை விழுந்தது. நமக்குப் புதிய கதையா என்ன?

1912 ஜூன் 25 அன்று, சாந்தா ஃபே மாகாணத்தின் அல்கோர்த்தா என்ற சிற்றூரில் விவசாயிகள் கூடினார்கள். குத்தகையைக் குறைக்கும்வரை ஏர் பூட்டமாட்டோம் என்றார்கள். வேலைநிறுத்தம் ஊர் ஊராகப் பரவியது. பல இடங்களில் குத்தகை குறைந்தது. அதே ஆகஸ்டில் ரொசாரியோ நகரில் அர்ஜென்டினா விவசாயிகள் கூட்டமைப்பு பிறந்தது, இன்றும் இயங்குகிறது. அவர்களுக்குத் துணை நின்ற வழக்கறிஞர் பிரான்சிஸ்கோ நெத்ரி 1916-ல் கொலை செய்யப்பட்டார். 1921-ல் வந்த சட்டம், குத்தகை விவசாயிக்குக் குறைந்தது 4 ஆண்டு நிலத்தில் இருக்கும் உரிமை கொடுத்தது.

அதனால்தான் கொரியென்டெஸ் சாலைப் பீட்சாவை விவசாயி வேறு கண்ணால் பார்ப்பார். கோதுமை பாம்பாஸிலிருந்து, வெங்காயம் கொலராடோ ஆற்றுப் பாசனத்திலிருந்து, ஓரிகானோ மெந்தோசாவிலிருந்து, பால் சாந்தா ஃபே, கோர்தோபா மாகாணங்களிலிருந்து வருகின்றன. கொண்டைக்கடலை, கோர்தோபாவிலும் வடக்கே சால்தாவிலும் நம் கரிசல் கடலைபோலவே குளிர்காலப் பயிர். ஒரு துண்டுக்குள் இத்தனை பேருடைய வெள்ளாமை இருக்கிறது.

வீட்டில் ஃபாயினா

பீட்சா சுட அடுப்பு வசதி இல்லாவிட்டாலும் ஃபாயினா செய்யலாம். கால் கிலோ கடலை மாவில் அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, உப்புப் போட்டு நாலு மணி நேரம் வையுங்கள். மேலே நிற்கும் நுரையை எடுத்துவிட்டு இரண்டு கரண்டி எண்ணெய் கலக்குங்கள். எண்ணெய் தடவிய இரும்புக் கல்லில் அடை கனத்துக்கு ஊற்றி, மூடி, சிறு தீயில் வேகவிட்டுத் திருப்புங்கள். ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்க வேண்டும். மிளகுத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிடுங்கள். பஜ்ஜிக்கு மட்டுமே எடுக்கும் மாவில் பிள்ளைகளுக்கு இன்னொரு பலகாரம் கிடைக்கும்.