சராசரி ஆயுள்

'சுதந்திரம் வாங்கியபோது இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வயசு' என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். உடனே, அந்தக் காலத்தில் எல்லோரும் முப்பது சொச்சத்தில் பொட்டென்று போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1947 ஆகஸ்ட்டில் காந்திக்கு வயசு 77. ராஜாஜிக்கு 68, பெரியாருக்கு 67. பின்னவர்கள் இருவருமே 94 வரை இருந்தார்கள்.

அப்புறம் எப்படி 32?

உதாரணத்துக்குப் பத்துக் குழந்தைகள். ஐந்து, ஒரு வயசில் போய்விடுகின்றன. மீதி ஐந்தும் 63 வரை வாழ்கின்றன. கூட்டி வகுத்துப் பாருங்கள். சரியாக 32! ஆனால், 32 வயசில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. நிஜத்தில் காலரா, பிரசவம் என்று நடுவயசிலும் சாவு உண்டுதான். ஆனாலும் சராசரியைக் கீழே இழுத்தது முக்கியமாகத் தொட்டில்தான்.

இந்தக் கணக்கு பழசு. 1662-லேயே ஜான் கிரான்ட் என்ற லண்டன் துணி வியாபாரி, ஊரின் சாவுப் பட்டியல்களை வைத்துக்கொண்டு, நூறு பேரில் 36 பேர் ஆறு வயசுக்குள் போய்விடுகிறார்கள் என்று மதிப்பிட்டார். 1693-ல் வால்நட்சத்திரப் புகழ் ஹாலி அதை இன்னும் சுத்தமாகச் செய்து, ஆயுள் பென்ஷனுக்கு விலை வைக்க வழி சொன்னார். உங்கள் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குக் கொள்ளுத்தாத்தா அந்த அட்டவணைதான்.

சராசரி ஆயுள் என்பது ஜோசியம் இல்லை. இந்த வருஷம் ஒவ்வொரு வயசிலும் எத்தனை பேர் சாகிறார்களோ, அதே விகிதம் கடைசிவரை நீடித்தால், இன்று பிறந்த குழந்தை சராசரியாக எத்தனை வருஷம் இருக்கும்? அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

தெரிந்த பெரியவர் ஒருவர், தனியார் கம்பெனியில் ரிட்டயரானவர், பென்ஷன் கிடையாது. "சராசரி எழுபதுன்னு போட்டிருக்கான். எனக்கு அறுபத்தாறு. இன்னும் நாலு வருஷத்துக்கு எதுக்கு சார் இவ்ளோ பணம்?" என்று சேமிப்பு மொத்தத்தையும் மகன் ஃபிளாட்டுக்குக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். எழுபது என்பது பிறந்த குழந்தைக்கான கணக்கு. அறுபதை எட்டிய இந்தியருக்குச் சராசரியாக இன்னும் சுமார் 18 வருஷம் பாக்கி இருக்கிறது. தொட்டில், அம்மை, ஆக்ஸிடென்ட் எல்லாவற்றையும் தாண்டி வந்தவர் இல்லையா! 'பாதியையாவது பேங்க்கில் வையுங்கள்' என்றேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

புள்ளிவிவரம் வேண்டாம் என்றால், பழைய பெயர்களைப் பாருங்கள். பிச்சை, குப்புசாமி, குப்பம்மாள். முன்னால் பிறந்தது எதுவும் 'தங்காத' வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து, பிச்சை கேட்டு வாங்கியதுபோல் வைத்த பெயர்கள் அவை. இன்று எந்த எல்.கே.ஜி. வகுப்பிலாவது ஒரு குப்புசாமி இருக்கிறானா?

சராசரி ஆயுள் ஏறிவிட்டது என்பதற்கு அர்த்தம் அதுதான்.