நாடா எதிரொலியும் மூன்றாம் முள்ளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சற்றுத் தள்ளி, நண்பரொருவரின் வீட்டு மாடியில் போர்வைகளையும் பழைய மெத்தைகளையும் சுவரில் தொங்கவிட்டு, அதை ஒலிப்பதிவுக் கூடம் என்று நாங்கள் அழைத்துக்கொண்டிருந்தோம். இதே வட்டாரத்தில்தான் ஏ. ஆர். ரகுமானின் திரைப்பட வளாகமும் இருக்கிறது. ஒப்பிட்டுச் சிரிக்க விரும்புபவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அங்கே பாட வந்தவர் இரும்பு உருட்டாலையில் முப்பதாண்டு வேலை பார்த்த ஒரு தெருக்கூத்துக் கலைஞர். ஆலை அவருடைய இடது காதை ஏறத்தாழ முழுமையாகவே எடுத்துக்கொண்டிருந்தது. வலது காதிலும் ஒவ்வோராண்டும் குறைந்துகொண்டே வருகிறது என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி கூத்துல கொழா ஸ்பீக்கர் கட்டினா, ஏரிக்கரைக்குப் போயி திரும்பி வருமே தம்பி, அந்த மாதிரி கேக்கணும்."

எங்களிடம் ஒரு ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ இருந்தது. 1974இல் சந்தைக்கு வந்த ஆர்.இ.-201. உள்ளே ஒரு சிறு அறையில் வளையமான காந்தநாடா கட்டுப்பாடின்றி நெளிந்து ஓடும். ஒரு தலை பதிய, மூன்று தலைகள் அடுத்தடுத்துப் படிக்கும். கணினியில் அதன் நகல்கள் எத்தனையோ உண்டு. ஆனால் நாடா சற்றே தள்ளாடுவதால் திரும்பி வரும் குரலும் சற்றே தள்ளாடுமே, காற்றில் போய்வந்ததைப் போல, அதற்காகவே இந்தக் கிழட்டுப் பெட்டியைச் சுமந்தோம்.

இணைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் மிக்ஸர் அனுப்புவது சுமார் 1.23 வோல்ட், இப்பெட்டியோ கிடாரையும் மைக்கையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதன் கருவி உள்ளீட்டுக்கு அதில் பதினாறில் ஒரு பங்கே போதும். அப்படியே கொடுத்தால் குரல் கரகரக்கும். அனுப்பும் அளவைக் குறைத்தோம். குரலை எக்கோவின் ஊடாகவே செலுத்தாமல், ஒரு கிளையை மட்டும் அனுப்பித் தனித்தடத்தில் திரும்பப் பெற்றோம். எதிரொலி பிடிக்காமற்போனாலும் அவர் குரல் மாசின்றி மிஞ்ச வேண்டுமல்லவா.

அப்போது தொடங்கியது அந்த "ம்ம்ம்". முதலில் ஆலைகளின்மேல் பழி போட்டோம். இரவில் விளக்கு மங்கி எழும் ஊரில் அது எளிதான பழி. உண்மையில் மிக்ஸர் ஒரு சுவரிலிருந்தும், எக்கோவின் 117 வோல்ட் டிரான்ஸ்பார்மர் மற்றொரு சுவரிலிருந்தும் மின்சாரம் எடுத்தன. இரு எர்த்துகளும் கேபிளின் உறைவழியே கைகோத்து வளையமாகிவிட்டன. எங்களில் ஒருவர் மிக்ஸர் பிளக்கின் மூன்றாம் முள்ளைக் கழற்றினார். இரைச்சல் அடங்கியது. கைதட்டினோம்.

தேநீர் இடைவேளையில் யாரோ எக்கோவின் கேபிளைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். பெரியவர் கால் கழுவிவிட்டு வந்து, ஈரம் காயாமல், மைக்கை உதட்டருகே கொண்டுபோனவர் சட்டெனப் பின்வாங்கினார். "கடிக்குது," என்றார். மிக்ஸருக்கு அதுவரை எர்த் கிடைத்துவந்தது அந்தக் கேபிள் வழியாகத்தான். வெறும் கசிவு மின்சாரம். வேறொரு பழுதும் சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் எங்களுக்கு நாவரள்கிறது. அவரோ உருட்டாலைக்காரர், சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

மூன்றாம் முள் திரும்பப் பொருத்தப்பட்டது. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகி, திரும்பிவரும் தடத்தில் ஒன்றுக்கொன்று விகிதத்தில் ஒரு சிறு ஒலி டிரான்ஸ்பார்மரை வைத்து, கேபிள் உறையை ஒரு முனையில் மட்டும் துண்டித்தோம். இரைச்சல் ஏறக்குறையப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அவர் பாடி முடித்ததும் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வலது காதில் வைத்துக்கொண்டார். எவ்வளவு எதிரொலி வேண்டுமென எங்களால் தீர்மானிக்க இயலவில்லை. ஆகவே "இன்டென்சிட்டி" குமிழில் அவர் விரலையே வைத்துவிட்டோம். அளவுக்கு மீறித் திருகினால் பெட்டி தன் ஒலியையே தின்று ஊளையிடத் தொடங்கும் என்று எச்சரித்தோம். அவர் மெல்லத் திருகினார். ஊளையின் விளிம்பு வரை போய், மயிரிழை பின்வாங்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏரிக்கரை," என்றார்.