திரும்பி இறங்கும் உரிமை

கலிபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் ஃபிரெஸ்னோவைச் சுற்றி வெயில், புழுதி, பருத்திக்காடு. கோவில்பட்டிக்காரனுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. ஆனால் வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் யோசமிட்டி. அங்கே எல் கேப்பிட்டன் என்ற பாறை, தரையிலிருந்து சுமார் 900 மீட்டருக்குச் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. கழுகுமலையையே பெரிய மலையாக நினைத்து வளர்ந்தவனுக்கு முதலில் கழுத்துதான் வலித்தது.

2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானால்ட் இந்தப் பாறையில் கயிறில்லாமல், தனியாக, 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். அதைப் படம்பிடித்த ‘ஃப்ரீ சோலோ’ 2019இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. காலில் ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ, விரல் வியர்வைக்கு இடுப்புப் பையில் மெக்னீசியம் கார்பனேட் பொடி. அவ்வளவுதான் கருவி. அடுத்த பிடியைத் தவிர மனசில் எதுவும் இல்லாமல் போகும் அந்த நிலைக்காகத்தான் ஏறுகிறோம் என்கிறார்கள் இந்தப் பித்துப் பிடித்தவர்கள். அதற்குக் கொடுக்கும் விலையும் அவர்களுக்குத் தெரியும். பல்லாண்டு கயிறில்லாமல் ஏறிப் பேர் வாங்கிய ஜான் பாக்கர், 2009இல் கலிபோர்னியாவிலேயே இன்னொரு பாறையிலிருந்து விழுந்து இறந்தார்.

ஹானால்டின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மற்றவர்களைப் பதறவைக்கும் படங்களைக் காட்டியும் அச்சத்தோடு தொடர்புடைய பகுதி அசையவில்லை. ஆனாலும் அவர் தைரியத்தை மட்டும் நம்பிக் கிளம்பவில்லை. அதே வழியில் கயிறு கட்டித் திரும்பத் திரும்ப ஏறி, கால் வைக்கும் மேடு, விரல் செருகும் வெடிப்பு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். 2016இல் ஒருமுறை கயிறில்லாமல் தொடங்கி, சரிப்படவில்லை என்று கீழ்ப்பகுதியிலேயே நிறுத்திக்கொண்டார். படத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் அதுதான்.

ஊருக்குப் போயிருந்தபோது, விளாத்திகுளம் பக்கம் பனையேறும் பெரியவர் ஒருவருக்கு இந்தப் படத்தை போனில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“நல்ல ஏத்தம்தான் தம்பி. உச்சியில என்ன இருக்கு? எதை எடுக்கப் போறாவ?”

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஏறிட்டு வந்துருவாவ.”

அவர் சிரித்துவிட்டுக் கலயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பனை முப்பது மீட்டர்வரை வளரும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, கலயம். மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறி ஏறி மாரில் காய்ப்பு விழுந்திருக்கும். காலையும் மாலையும் பாளையைச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் பதநீர் வரத்து நின்றுபோகும். ஒரு மரம் இல்லை, தினமும் பல மரம். காற்றில் உச்சி ஆடும், மழை பெய்தால் தடி வழுக்கும், பிடித்த மட்டை காய்ந்திருந்தால் கையோடு வந்துவிடும், ஓலைக்குள் கதண்டு கூடு கட்டியிருக்கும். எல் கேப்பிட்டனோடு உயரத்தில் ஒப்பிட முடியாதுதான். விழுகிறவனுக்கு முப்பது மீட்டரே அதிகம்.

பயிற்சி, நினைவு, உடம்பின் மேல் உள்ள பிடி இவற்றில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஹானால்டுக்கு மனசு ஒப்பாவிட்டால் இறங்கிப்போய், அடுத்த வருடம் வரலாம், பாறை காத்திருக்கும். பாளை காத்திருக்காது. பங்குனியில் தொடங்கி சில மாதமே உள்ள பருவத்தில் ஒரு நாளை விட்டால் அன்றைய வருமானம் போவதோடு மறுநாள் வரத்தும் குறைந்துவிடும். அதனால்தான் ஈரத் தடியைப் பார்த்தபின்னும் பெரியவர் தளையை மாட்டுகிறார்.

பனையேறி விழுந்தபின் கொடுக்கும் உதவித்தொகையைப் பற்றியே நாம் பேசிவருகிறோம். ஏறாத நாளுக்கும் அவர் கையில் காசு இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத மீனவர்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. மழைநாளில் மரமேறாத பனையேறிக்கும் அப்படி ஒரு படி கொடுங்கள்.