காஜிப்பூர்க் குப்பை மலையும் டில்லியின் புதிய பாதைகளும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களுக்குக் காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. செங்கோட்டை, குதுப் மினார், ராஜ்காட், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் என்று அவ்வரிசை அமையும். அதில் எவரும் சேர்க்காத குன்று ஒன்று கிழக்கு டில்லியில் உண்டு. மயூர் விஹாரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் சில அதை மாடியிலிருந்தே காண்கின்றன. காற்றுத் திரும்பும் நாளில் காணாமலே அறிந்துகொள்கின்றன. அதுவே காஜிப்பூர்க் குப்பை மலை.

'குப்பை உயரும், கோபுரம் தாழும்' என்று நம் முன்னோர் சொன்னது வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வைக் குறித்து. காஜிப்பூரிலோ அது சொல்லுக்குச் சொல் பலித்துவிடும் போலிருந்தது. குதுப் மினாரின் உயரம் 73 மீட்டர். 2019ஆம் ஆண்டில் இக்குப்பைக் குன்று சுமார் 65 மீட்டரை எட்டியிருந்தது. அந்த ஆண்டிலேயே இதைத் தோண்டிச் சலித்துக் கரைக்கும் வேலையும் தொடங்கிற்று. தோண்டி எடுக்கும் மண் எங்கே போகிறது, அங்கே போன பின் அதனால் தீங்கு உண்டா என்று அறிய வேண்டும் என்ற ஆவலால், அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அன்பர்கள் சிலராகப் புறப்பட்டோம்.

பாலத்தின் அணைகரையில் சாம்பல்

முதலில் நிஜாமுதீன் பாலத்தைக் கடந்தோம்.  1990களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட இரண்டாம் பாலத்தை அணுகும் உயர்ந்த சாலைக்கரை, வெறும் மண்ணால் ஆனதன்று. 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கரையில் ஏறத்தாழ 1,50,000 கன மீட்டர் நிலக்கரிச் சாம்பல் இடப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் டில்லியில் நிலக்கரியை எரித்த மின் நிலையங்கள் மூன்று இருந்தன. பதர்ப்பூர் நிலையமும் 2018இல் மூடப்பட்ட பின் இப்போது அவற்றுள் ஒன்றும் இயங்கவில்லை. ஆயினும் நிலையங்கள் விட்டுச் சென்ற சாம்பலின் ஒரு பகுதி இன்றும் நம் வண்டிகளைத் தாங்குகிறது.

சாம்பல் இலேசானது; இறுக்கினால் உறுதி பெறுவது; ஆற்றங்கரையின் மெல்லிய நிலத்தின் மேல் பாரம் குறைவாக ஏற்றுவது. ஆனால் அதனுள் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்களும் சிறு அளவில் கலந்திருக்கும். காய்ந்தால் தூசியாய்ப் பறக்கும். மழை ஊடுருவினால் உப்பும் உலோகமும் நீரோடு கசியும். ஆதலால் பொறியாளர் அதை நடுவே வைத்து, பக்கங்களை மண்ணால் போர்த்தி, மேலே சாலையை மூடியாக அமைத்தார்கள். வெள்ளம் தொடும் பக்கத்தில் கல்லும் பதித்தார்கள். சாம்பற் கரைகளைப் பற்றி இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2001இல் வெளியிட்ட வழிகாட்டி, பக்கத்து மண் போர்வை 1 முதல் 3 மீட்டர் வரை கனமுள்ளதாக இருக்க வேண்டும் என்கிறது.

கழிவைக் கட்டுமானப் பொருளாகக் கொள்வது பாதி வேலை. அதிலுள்ள நஞ்சை அது இருக்கும் இடத்திலேயே கட்டி வைப்பது மறு பாதி. பயணம் முழுவதும் எங்கள் கண் முன் நின்ற உண்மை இதுவே.

குன்றின் அடிவாரம்

மீரட் விரைவுச் சாலையில் கிழக்கே சென்றால், காய்கறிச் சந்தையும் கோழிச் சந்தையும் மீன் சந்தையும் பூச்சந்தையும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் காஜிப்பூர் வருகிறது. அவற்றின் அருகில் குன்று நிற்கிறது. உச்சியில் பருந்துகள் வட்டமிடுகின்றன. உள்ளே நுழைய அனுமதி வேண்டும். நாங்கள் சாலையோரத்தில் நின்றே பார்த்தோம். அங்கே கோணியும் தோளுமாகப் பிழைப்புத் தேடும் மக்களையும் கண்டோம். நாம் கலந்து எறிந்ததைக் கையால் பிரிப்பவர்கள் அவர்களே.

1984இல் இங்கே குப்பை கொட்டத் தொடங்கினார்கள். 2002இலேயே இடம் நிரம்பிவிட்டது. அதன் பின்னும் கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 1ஆம் நாள் குன்றின் ஒரு பக்கம் சரிந்து, சாலையில் சென்ற வண்டிகளை அருகிலிருந்த கால்வாயில் தள்ளிற்று. இருவர் உயிரிழந்தனர். அடிக்கடி தீயும் பற்றுகிறது. மக்கும் பொருள் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாவதே அதற்கு முக்கியக் காரணம்.

கண்ணுக்குத் தெரியும் இக்கேடுகளினும் தெரியாத கேடு பெரிது. 2000ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் வந்த திடக்கழிவு விதிகளின்படி, குப்பை நிரப்பும் குழியின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் இறுக்கப்பட வேண்டும். அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிஎத்திலீன் விரிப்பு வேண்டும். அக்களிமண் எத்தகையதெனில், தன்மேல் நீர் அதிகம் தேங்காதிருந்தால் ஓராண்டில் சுமார் 3 சென்டிமீட்டர் அளவு நீரையே கீழே விடும். காஜிப்பூர் இவ்விதிகளுக்கு முற்பட்டது. அதன் அடியில் இத்தகைய விரிப்பு இல்லை. மழைநீர் குப்பையினூடே இறங்கிக் கறுத்த கசிவாகி நிலத்துள் செல்கிறது. சுற்றுப்புறத்து நிலத்தடி நீரைச் சோதித்து 2006இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், குளோரைடு, நைட்ரேட், அம்மோனியம், பீனால், இரும்பு, துத்தநாகம் ஆகியவை மிகுந்திருந்தமை கூறப்பட்டது. குன்றிலிருந்து தூரம் கூடக்கூடக் கேடு குறைந்தது. குழாய் நீர் வராமல் கைப்பம்பை நம்பும் ஏழைக் குடியிருப்புகள் குன்றுக்கு அருகில் இருந்தால், அவர்கள் நிலை என்னவாகும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

சல்லடை செய்வதும் செய்யாததும்

காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா என்னும் மூன்று இடங்களிலும் 2019இல் 280 லட்சம் டன் பழங்குப்பை இருந்ததாகக் கணக்கிட்டனர். அதில் பாதி, அதாவது 140 லட்சம் டன், காஜிப்பூரில் மட்டும். இதைக் கரைக்கும் முறை விளங்கிக்கொள்ள எளியது. பழங்குப்பையைக் கிளறி, வரிசை வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காற்றுப்படப் புரட்டி உலர்த்துகிறார்கள். பிறகு பெரிய உருளைச் சல்லடைகளில் இட்டுச் சுழற்றுகிறார்கள். கல்லும் செங்கல்லும் ஒருபுறம் விழும். கந்தலும் பிளாஸ்டிக்கும் மற்றொரு புறம் சேர்ந்து சிமெண்டுச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். துளை வழியே விழுவது மண்போன்ற பொடி. எடையில் பாதியளவோ அதற்கு மேலோ இப்பொடியே.

பார்ப்பதற்கு நல்ல தோட்டத்து மண் போலவே இருக்கும். ஆயின் டில்லி ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் ஓக்லா, ஹைதராபாத், கடப்பா ஆகிய மூன்று இடங்களின் பழங்குப்பைப் பொடியைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். சுற்றுப்புறத்து இயல்பான மண்ணைக் காட்டிலும் அதில் மக்காத எச்சமும், கரையும் உப்பும், செம்பு, குரோமியம் முதலிய உலோகங்களும் மிகுதி. நீர் பட்டால் கறுத்த நிறம் கசிகிறது. ஆகவே அதைக் கண்ட இடத்தில் கட்டுப்பாடின்றிக் கொட்டலாகாது. தக்க தடுப்பும் மூடாக்கும் அமைத்தே மேடு நிரப்பப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கருத்து.

இதன் காரணத்தை இல்லத்தரசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மாவைச் சலித்தால் கப்பி நிற்கும். மாவில் உப்புக் கலந்திருந்தால் சல்லடை அதை நிறுத்துமோ? சல்லடை அளவைப் பிரிக்கும், நஞ்சைப் பிரிக்காது. இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் எறிந்த பாட்டரி செல் துருப்பிடித்து உடைந்து, அதன் உலோகம் பொடியோடு பொடியாய்க் கலந்துவிட்டது. இனி அதைப் பிரித்தெடுப்பது அரிது. அடைத்து வைக்கத்தான் முடியும்.

வடக்கும் மேற்கும்

அங்கிருந்து வடக்கே புராரிப் பக்கம் போனோம். இடித்த கட்டடங்களின் சிதைவை அரைத்து மீண்டும் பொருளாக்கும் ஆலை 2009இல் இங்கே தொடங்கப்பட்டது; நம் நாட்டில் இவ்வகையில் முன்னோடி இதுவே. சிதைவிலிருந்து இரும்பையும் மரத்தையும் நீக்கி, உடைத்து, நீரால் கழுவி, மணலாகவும் ஜல்லியாகவும் பிரிக்கிறார்கள். நடைபாதைக் கற்களும் சாலையோர விளிம்புக் கற்களும் அதனால் வார்க்கப்படுகின்றன. டில்லியின் நடைபாதைகளில் நாம் மிதிக்கும் கற்களுள் சில, எவரோ ஒருவருடைய பழைய வீடாக இருந்தவை.

இதற்கும் எல்லை உண்டு. 2016இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி, பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதமும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதமும், பாரம் தாங்காத மெலிந்த கான்கிரீட்டில் முழுமையுமாகச் சேர்க்க இடம் தருகிறது. பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அந்த ஜல்லி நீரை அதிகம் உறிஞ்சும். ஜிப்சம் கலந்திருந்தால் சிமெண்டையே கெடுக்கும். ஆகவே அந்த வரம்பு.

பின்னர் மேற்கே திரும்பி, அலிப்பூரிலிருந்து முண்ட்கா, நஜஃப்கர் வழியாகத் துவாரகைப் பக்கம் வரும் புதிய புறவழிச் சாலையில் ஏறினோம். 2025 ஆகஸ்ட் 17இல் திறக்கப்பட்ட இச்சாலையின் கரைகளை உயர்த்த, டில்லிக் குப்பைக் குன்றுகளிலிருந்து சலித்தெடுத்த பொருள் லட்சக்கணக்கான டன் இடப்பட்டது. மயூர் விஹாரின் அருகே குன்றாய் நின்றது, துவாரகைத் தமிழன்பர்களின் வண்டிச் சக்கரத்தின் கீழ்ப் பாதையாய்க் கிடக்கிறது. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. மேலே தார் மூடி, பக்கம் போர்த்தி, மழைநீர் உட்புகாமல் காத்தால், இப்பொருளுக்குச் சாலைக்கரையினும் தகுந்த இடம் கிடைப்பது அரிது. போர்வை கிழியாதிருக்கிறதா, அருகிலுள்ள கிணற்று நீர் மாறாதிருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும், அவ்வளவே. அஞ்ச வேண்டியது மூடியில்லாத இடத்தை. பள்ளமான மனையை நிரப்பவும், தோட்டத்துக்கு எருவாகவும் இதே பொடி கைமாறினால், குன்று கரைந்ததாகாது. பல வீட்டு முற்றங்களுக்குக் குடிபோனதாகும்.

மதுரை தந்த பாடம்

இத்துறையில் நம் தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும் என்று கண்டார். அக்கல் தாரை இறுகப் பற்றும், நீரை விடாது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை இடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் அம்முறையிலும் ஒரு கண்டிப்பு உண்டு. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் அதில் சேரலாகாது. சூட்டில் அது குளோரின் கலந்த நச்சு வாயுவை விடும். ஆகவே கல்லிலே தூவுமுன் பிரித்தாக வேண்டும். பிரிக்காத கழிவு மதுரையிலும் கழிவே.

நம் இல்லங்களில்

பொறியாளர் செய்யக்கூடியது கட்டிக் காப்பது. பிரித்தல் என்னும் வேலை, கலப்பதற்கு முன், நம் அடுக்களையிலும் கூடத்திலும் நடக்க வேண்டும். காய்கறித் தோலும் சோறும் தனியே போனால் அவை எருவாகும். தாளும் பிளாஸ்டிக்கும் தனியே போனால் விலை பெறும். பாட்டரி செல், குழல் விளக்கு, பெயிண்டு டப்பா, காலாவதியான மருந்து ஆகிய நான்கையும் மூன்றாவது பெட்டியில் வைத்து, அபாயக் கழிவு பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டைப் பழுது பார்க்கும்போது வரும் இடிபாட்டை இரவோடிரவாகத் தெருமூலையில் தள்ளாமல், அதற்கென்று குறித்த இடத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று, எங்கிருந்து வந்ததென அறியாத மண்ணைக் கீரைப் பாத்திக்கு வாங்கலாகாது.

நம் குடும்பங்கள் வாழும் கூட்டுக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் செல்லுக்கும் விளக்குக்குமாக ஒரு பெட்டி வைப்பது அரிய காரியமன்று. மாதம் ஒருமுறை அதைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றால் போதும். பிழைப்பைத் தேடி வந்த நம்மை இந்நகரம் ஏற்றுக்கொண்டது. அதன் நீரையே நாமும் நம் மக்களும் குடிக்கிறோம். பழைய குன்றைக் கரைப்பது நகராட்சியின் கடமை. அதே இடத்தில் நஞ்சு கலந்த புதிய குன்று ஒன்று எழாமல் பார்த்துக்கொள்வதில் நமக்கும் பங்குண்டு.