மேளமா, நண்பரின் குழலா?

எம் மூத்த மகளின் திருமணத்துக்கு மண்டபமும் குருக்களும் ஒழுங்காகிவிட்ட பின்னர், ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள எம் இல்லத்தில் எஞ்சி நின்ற கேள்வி ஒன்றே: மங்கல இசையை யாரிடம் ஒப்படைப்பது? இம்மலரைப் புரட்டும் பெற்றோர் பலருக்கும் இக்கேள்வி எழக்கூடும். மாணவச் செல்வங்களுக்கும் ஒரு நாள் எழும். ஆகவே எமக்கு நேர்ந்ததை ஒளியாது எழுதுகின்றோம்.

எமக்கு ஒரு நண்பர் உண்டு. ஊரில் எம்முடன் ஒரே பாடசாலையில் படித்தவர். லண்டனுக்கு வந்த புதிதில் எம் வீட்டின் மேலறையில் ஓராண்டு தங்கியிருந்தார். இரவு வேலை முடிந்து வந்து புல்லாங்குழலை எடுப்பார். பக்கத்து வீட்டார் சுவரில் தட்டும்வரை வாசிப்பார். எம் மகள் தொட்டிலில் கேட்டு உறங்கியது அந்தக் குழலைத்தான். “உன்ரை கலியாணத்துக்கு நான்தான் வாசிப்பன்” என்று அவளிடம் எத்தனையோ முறை கூறியிருக்கிறார். ஆதலால் நாமும் அதிகம் யோசியாமல் அவரையே கேட்டுவிட்டோம். அன்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். செலவு சற்றுக் குறையும் என்ற கணக்கும் எம் மனத்தில் இருந்தது.

செய்தி அறிந்த அம்மம்மா, “மேளம் இல்லாமல் ஒரு கலியாணமோ?” என்று கேட்டதுடன் பேச்சை நிறுத்திக்கொண்டார். மகனுக்கோ வேறு எண்ணம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலை 1966 டிசம்பர் 26 அன்று இதே ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த ‘அப்பர் கட்’ மன்றத்தில்தான் எழுதினாராம். அத்தகைய ஊரில் கித்தார் வாசித்தால் என்ன குறை என்றான். அவனை அம்மம்மாவிடம் அனுப்பி வைத்தோம்.

அம்மம்மாவின் கேள்வி எம்மை விடவில்லை. மானர் பார்க் முருகன் ஆலயத் திருவிழாவில் மேளம் கேட்டு நின்றபோதுதான், அது செய்யும் வேலையைக் கவனித்துப் பார்த்தோம். நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த கருவி. ஆச்சா மரத்தில் கடைந்தெடுப்பது. கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் குடைந்த தவிலின் ஒரு பக்கத்தைக் கோலாலும், மறு பக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் முழக்குவர். நானூறு பேர் கதைத்துக்கொண்டிருக்கும் மண்டபத்திலும் அவ்வொலி அமுங்காது. ஆனால் ஓசை மாத்திரமன்று காரியம். மணமகள் கூறை மாற்றப் போகிறாள். பத்து நிமிடத்தில் வருவாளோ, அரை மணியில் வருவாளோ, ஒருவரும் அறியார். அதுவரை இராகத்தை விரித்துக்கொண்டு போக வேண்டும். குருக்கள் கையை உயர்த்திய கணத்தில் வாசித்ததை அப்படியே விட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். தாலி ஏறும் நொடியில் தும்மலோ அழுகையோ காதில் விழலாகாது என்பது எம் முன்னோர் நம்பிக்கை. மேளகாரரின் காது இசையில் இருந்தாலும் கண் குருக்களின் கையில்தான் இருக்கும். இதனை ஒரு வாரம் ஒத்திகை பார்த்துக் கற்க முடியாது.

தவிலில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியையும் (1933–1975), நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதனையும் (1931–2003) தந்த மண் எம்முடையது. விடிய விடியக் கோயில் வீதியில் அமர்ந்து கேட்ட அதே சமூகம், மேளம் வாசித்த குடும்பங்களைப் பந்தியில் தன்னருகே அமர்த்தத் தயங்கிய காலமும் இருந்தது. பிள்ளைகளே, இதையும் நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

முடிவு எமக்குத் தெரிந்துவிட்டது. நண்பரிடம் எப்படிச் சொல்வது என்பதே தெரியவில்லை. மூன்று வாரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறுதியில் அவரே ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். மண்டபத்தைப் போய்ப் பார்த்தாராம். “தாலி கட்டேக்கை என்ரை குழலை ஆர் கேக்கப் போயினம்? மேளத்துக்குச் சொல்லுங்கோ” என்றார். நாம் ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தோம். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்து, மாலை வரவேற்பில் அவர் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம்.

முகூர்த்தம் குறையின்றி நடந்தது. கெட்டிமேளம் எழுந்தபோது அம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேளகாரருக்குத் தட்டில் வெற்றிலை பாக்குடன் பேசிய தொகையை வைத்துக் கொடுத்து, எம்முடன் பந்தியில் அமர்த்தி உணவளித்தோம்.

மாலையில் நண்பர் இருபது நிமிடம் வாசித்தார். கோப்பைகளின் ஓசையும் பிள்ளைகளின் ஓட்டமுமாக இருந்ததாம். வேலை முடிந்தும் வீடு செல்லாத நாதஸ்வர வித்துவான் முன்வரிசையில் அமர்ந்து, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாராம். இவையெல்லாம் மகள் பின்னர் சொல்லி அறிந்தவை. நாம் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டுக்கூட எம் காதில் விழவில்லை. அவர் விடைபெற்றபோது, எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று கேட்டார். எல்லாம் என்றோம். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அதன் பின்னர் நன்மை தீமைகளுக்கு வருகிறார். குழலை மட்டும் எடுத்து வருவதில்லை.

இளைய மகளுக்கு அடுத்த ஆண்டு திருமணம். மேளத்துக்குச் சொல்லியாயிற்று. கூறை மாற்றும் இடைவேளையில், தான் உள்ளறையில் இருந்து கேட்கும்படி மாமா குழல் வாசிக்க வேண்டும் என்கிறாள் அவள். அந்நேரம் தாம் ஓய்ந்திருப்பதாக மேளகாரரும் மகிழ்வுடன் சம்மதித்துள்ளார். நண்பரிடம்தான் நாம் இன்னும் கேட்கவில்லை.